உட்காரத் தெரியாத விருந்தாளி

பாலக்கரையிலிருந்து தெப்பக்குளத்துக்கு ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம். காந்தி மார்க்கெட் பக்கம் ஏதாவது லாரி குறுக்கே நின்றுவிட்டால் அரை மணி. இந்தத் தூரத்துக்கு மஜீதா இரண்டு பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"கூடைல என்ன?" என்று கேட்டார் அவள் கணவர் நஸ்ருல்லா.

"ஆப்பிள், ஆரஞ்சு, ரெண்டு பாக்கெட் பிஸ்கட்டு. ஒரு டப்பால வட்டலப்பம்."

"ஓட்டலுக்கா?"

"ஒருத்தங்க எடத்துல போய் ரெண்டு நாள் தங்கப் போறோம். கைய வீசிக்கிட்டா போறது?"

"மஜீதா, அது ஓட்டல். ஓட்டலுக்கு யாரும் எதுவும் கொண்டு போக மாட்டாங்க. நான் முப்பது வருஷம் ஓட்டல்ல இருந்தவன்."

"அது மஸ்கட்டுல. இது நம்ம ஊரு" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

ஆட்டோ ஓட்டிய மதுரைவீரன் தெருக்காரர்தான். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஜங்ஷனா, ஏர்போர்ட்டா பாய்?" என்று கேட்டார்.

"தெப்பக்குளம்."

"சொந்தக்காரங்க வீடா?"

"ஓட்டல். ரெண்டு நாள் தங்கறோம்."

மதுரைவீரன் கொஞ்ச தூரம் ஓட்டினார். அப்புறம் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "வீட்ல வெள்ளையடிக்கிறாங்களா?"

மஜீதா சிரித்த சிரிப்பில் ஒரு ஆரஞ்சு உருண்டு கீழே விழுந்தது.

வெள்ளையடிக்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஷாஜியாவின் ஏற்பாடு அது. "அத்தா, நீங்க வாழ்நாள் பூரா ஓட்டல்ல மத்தவங்களுக்குப் படுக்கை போட்டீங்க. ஒரு தடவ உங்களுக்கு யாராவது போடட்டும். அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்று போனில் சொல்லிவிட்டு அறையைப் பதிவு செய்துவிட்டாள். வெளியூர் வேண்டாம் என்று மஜீதா சொன்னதால் உள்ளூரிலேயே பார்த்தாள். தெப்பக்குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு ஜவுளி வியாபாரியின் பழைய மாடி வீட்டை அப்படியே வைத்து ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். நீர்மாடம் என்று பெயர்.

நஸ்ருல்லாவைப் பற்றிச் சொல்வதென்றால் மஸ்கட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, அப்பாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணம் ஆகி ஒரு மாதத்தில் விசா வந்தது. கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டல். முதலில் சலவைப் பகுதியில் போட்டார்கள். பிறகு அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. கடைசியில் ஒரு மாடி முழுவதுக்கும் சூப்பர்வைசர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் லீவு. மகள் பிறந்ததைப் போனில் கேட்டார். அவளை முதன்முதலில் பார்த்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் ஓடிப்போய் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று, "மாமா, மாமா" என்று கைகாட்டினாள்.

லீவில் வரும் நாட்களில் வீடு பெருநாள் வீடு மாதிரி இருக்கும். அவருக்குப் பிடித்த கறி, அவருக்குப் பிடித்த மீன். அவர் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கப் போனால்கூட மஜீதா ஓடி வருவாள். "நீங்க உக்காருங்க, நான் கொண்டு வரேன்." அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் அவருடைய லீவுகள் பெரும்பாலும் கழிந்தன. கேட்க நன்றாகவும் இருந்தது. அங்கே நாள் முழுக்க நின்ற கால்களுக்கு இங்கே உட்காரக் கிடைத்தது.

ஆனால் இந்த முறை வந்தது லீவு இல்லை. வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். நாலு மாதம் ஆகிறது. மஜீதாவின் வார்த்தை மட்டும் மாறவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கப் போவார். "நீங்க உக்காருங்க." மோட்டார் போடப் போவார். "எந்த வால்வுன்னு உங்களுக்குத் தெரியாது, உக்காருங்க." கரண்ட் பில்லை அவளே போனில் கட்டிவிடுவாள். ஒரு நாள் குழாய் ரிப்பேர் பார்க்க வந்த ஆள் கதவைத் திறந்த நஸ்ருல்லாவைப் பார்த்து, "அக்கா இல்லையா?" என்று கேட்டான். வெளியே போயிருக்கிறாள் என்றதும், "அப்ப அக்கா வந்ததும் வரேன்" என்று திரும்பிப் போய்விட்டான். இத்தனைக்கும் வாசலில் பொறித்திருப்பது நஸ்ருல்லாவின் பெயர்.

அவருடைய துணிகள் இன்னும் பெட்டியிலேயே இருந்தன. கட்டிலுக்கு அடியில் பெட்டி. குளித்துவிட்டு வந்து, பெட்டியை இழுத்து, சட்டையை எடுத்துக்கொண்டு, மறுபடி உள்ளே தள்ளிவிடுவார். அவர் பீரோவில் வைக்கவும் இல்லை, மஜீதா வைக்கச் சொல்லவும் இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் போன வாரம் பாசில் கூப்பிட்டான். பாசில் துவரங்குறிச்சிக்காரன். மஸ்கட்டில் நஸ்ருல்லாவிடம் வேலை கற்றுக்கொண்டவன், இப்போது மேனேஜர் ஆகிவிட்டான்.

"அண்ணே, ஓமன்லயே சலாலால நம்ம முதலாளி புது ஓட்டல் தொறக்கறாரு. பூரா புதுப் பசங்க. சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. நீங்க ரெண்டு வருஷம் வந்தா போதும். நீங்க இல்லாம முடியாதுண்ணே. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க."

'நீங்க இல்லாம முடியாது.' இந்த நாலு மாதத்தில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை. போய்விடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார். மஜீதாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. ஓட்டலில் இருக்கும் இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று இருந்தார். இன்றைக்குச் சனிக்கிழமை.

நீர்மாடத்தின் கதவு பழைய தேக்குக் கதவு. உள்ளே நடுவில் வானம் பார்த்த முற்றம். அதில் ஒரு கல்தொட்டி, தொட்டி நிறையத் தண்ணீர், தண்ணீரில் செம்பருத்திப் பூக்கள். சுற்றிலும் தூண்கள். வெளியே கடைவீதி இரைச்சல் அப்படி இருக்க, உள்ளே புறா சிறகடிக்கிற சத்தம் கேட்டது. மஜீதா செருப்பை எங்கே விடுவது என்று தேடினாள்.

வரவேற்பு மேஜையில் தேவதர்ஷினி என்ற பெண் இருந்தாள். நன்னாரி சர்பத் கொண்டு வந்து வைத்தாள். மஜீதா உடனே கூடையை மேஜை மேல் ஏற்றினாள்.

"இந்தாம்மா. வட்டலப்பம் இன்னிக்குக் காலைல செஞ்சது. ஆறிடுச்சுன்னா இன்னும் நல்லா இருக்கும்."

நஸ்ருல்லா சுவரில் தொங்கிய பழைய படங்களை மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். தேவதர்ஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. "மேடம், இதை ரூமுக்கு அனுப்பணுமா?"

"இல்லம்மா. உங்களுக்குத்தான். இங்க வேலை செய்யறவங்க எல்லாருக்கும்."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் கூடையையே பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "இங்க வர்றவங்க போறப்ப எதையாவது மறந்துட்டுப் போவாங்க. வர்றப்பவே கொண்டு வந்து குடுத்தது நீங்கதான் ஆண்ட்டி" என்றாள். மேடம் ஆண்ட்டி ஆகிவிட்டதைக் கவனித்த மஜீதா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். எப்படி என் பழக்கம் என்கிற பார்வை.

பெட்டிகளை எடுக்க நஸ்ருல்லா குனிந்தார். "சார், நீங்க உக்காருங்க. நாங்க கொண்டு வரோம்" என்றாள் தேவதர்ஷினி.

அறை மாடியில். கிழக்கே பெரிய ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் தெப்பக்குளம், அதற்கு மேலே மலைக்கோட்டை. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். ஆனால் படுக்கையில் சாய்ந்துகொண்டு அதைப் பார்க்க முடியும் என்று மஜீதா நினைத்ததே இல்லை.

"ஏங்க, எவ்வளவு கிட்டத்துல இருக்கு பாருங்க! கைய நீட்டினா தொடலாம் போல."

நஸ்ருல்லாவின் கண் மலையில் இல்லை. விளக்கின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. படுக்கை விரிப்பின் மூலை மடிப்பைப் பார்த்தார். "சுத்தமா இருக்கு, கை பழகின ஆள்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"என்ன தேடறீங்க?"

"தொழறதுக்கு கிப்லா எந்தப் பக்கம்னு அம்பு ஒட்டியிருக்கும். அங்க எல்லா ரூம்லயும் இருக்கும்."

"நல்லாருக்கே! பாலக்கரைல பொறந்துட்டு அம்பு தேடறீங்களே. மலைக்கோட்டை கிழக்க இருக்கு. அதுக்கு முதுகைக் காட்டி நின்னா முடிஞ்சுது. கொஞ்சம் வலப்பக்கம் திரும்பிக்கணும், அவ்வளவுதான்."

அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு அவள் கற்றுக்கொள்ள வேண்டியவையும் நிறைய இருந்தன. அட்டையைச் சொருகினால்தான் விளக்கு எரியும் என்பது, குளியலறையில் ஒரே குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் வரும் என்பது, எல்லா விளக்கையும் கட்டிலில் இருந்தே அணைக்கும் சுவிட்ச். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் குரல் மாறியிருந்தது. நாலு மாதமாக வீட்டில் கேட்காத குரல். கைகள் தயங்காமல் இருந்தன. மஜீதா சுவிட்சைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தாள்.

"உக்காருங்களேன். எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க?" என்றாள்.

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, தான் இன்னும் உட்காரவில்லை என்று. விருந்தினரின் படுக்கையில் உட்காரக் கூடாது என்பது ஓட்டல் வேலையின் முதல் பாடம். முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் படுக்கைகள் போட்டிருக்கிறார். ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. கட்டிலின் ஓரத்தில் மெதுவாக, யாராவது வந்துவிடுவார்களோ என்பது போல உட்கார்ந்தார். மெத்தை அமுங்கியது.

"இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

அன்று மாலை மொட்டை மாடியில் மூங்கில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தெப்பக்குளத்தின் நடு மண்டபத்தில் விளக்கு ஏற்றினார்கள். லூர்து மாதா கோயிலின் மணி அடித்தது. எங்கோ பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். வடக்கே தூரத்தில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரிந்தது. மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கால் சூப்பும் சூடான இடியாப்பமும் வந்தன. யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தது மஜீதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பழக்க தோஷத்தில் தட்டை எடுக்கப் போனாள். "விடுங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். சலாலா விஷயத்தை அப்போது சொல்லியிருக்கலாம். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் நஸ்ருல்லாவுக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பஜ்ரு தொழுதுவிட்டு, மஜீதா குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தார். படுக்கையைப் போட்டார். விரிப்பை உருவி, உதறி, மறுபடி விரித்து, மூலைகளை மடித்து, இழுத்துச் செருகினார். தலையணைகளைத் தட்டி நிறுத்தினார். ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கமும் சுருட்டி, கழுத்தை வளைத்து, அன்னப்பறவை ஒன்று செய்து படுக்கையின் நடுவில் வைத்தார். யோசித்துச் செய்யவில்லை. கைகள் செய்துவிட்டன.

திரும்பினால், மஜீதா ஈரத்தலையோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இதத்தான் அங்க செஞ்சீங்களா?"

"ஆமா."

"இவ்வளவு வேகமாவா?"

"இது மெதுவா. அவசரம் இல்லாததால."

அவள் வந்து அந்த மடித்த மூலையைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க செய்யற வேலைய இன்னிக்குத்தாங்க கண்ணால பார்க்கறேன்" என்றாள். பிறகு தலையைத் துவட்டப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு இருசம்மாள் வந்தார். அறைகளைச் சுத்தம் செய்கிறவர். படுக்கையைப் பார்த்தார், அன்னத்தைப் பார்த்தார், நஸ்ருல்லாவைப் பார்த்தார்.

"என்னங்கய்யா இது?"

"சும்மா... நானே போட்டுட்டேன்."

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க. பின்னாலயே தேவதர்ஷினி வருமே. 'இருசம்மா, இந்த ரூமை நீ செய்யவே இல்லையா'ன்னு கேக்குமே. நான் என்ன சொல்ல? வந்த ஐயாவே போட்டுக்கிட்டாருன்னா, நான் எதுக்கு இருக்கேன்னு நினைக்க மாட்டாங்க?"

நஸ்ருல்லாவுக்கு முகம் விழுந்துவிட்டது. இன்னொருத்தர் வேலையில் கைவைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, போய் விரிப்பின் ஒரு மூலையை இழுத்துக் கசக்கினார்.

"அந்த மூலையையும் கசக்குங்க" என்றார் இருசம்மாள் கண்டிப்பாக. "தலையணையைத் தூக்கி அந்தாண்ட போடுங்க. ம்ம். இப்பதான் மனுசங்க தூங்கின ரூமு மாதிரி இருக்கு. கொக்கு மட்டும் இருக்கட்டும், அழகா இருக்கு. நீங்க போய் உக்காருங்கய்யா."

மஜீதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நஸ்ருல்லா சிரிக்கவில்லை. 'நீங்க போய் உக்காருங்க' என்பது அவர் காதிலேயே நின்றுவிட்டது.

பத்து மணிக்கு மேல் மஜீதா கேட்டாள்: "ஒண்ணாம் நம்பர்ல ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வருவோமா?"

ஒன்றாம் நம்பர் பஸ் என்றால் அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு எந்த விளக்கமும் தேவையில்லை. கல்யாணமான புதிதில் பாலக்கரை வீட்டில் ஒரே கூடம், ஒரு அறை. மாமியார், மச்சினர் குடும்பம், படிக்கிற பிள்ளைகள். புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரு திரைச்சீலைதான் மறைப்பு. வாய்விட்டு நாலு வார்த்தை பேச இடமில்லை. அதற்கு நஸ்ருல்லா கண்டுபிடித்த வழிதான் ஒன்றாம் நம்பர். ஜங்ஷனிலிருந்து வரும் பஸ்ஸில் பாலக்கரையில் ஏறினால், மெயின் கார்டு கேட், சத்திரம், காவேரிப் பாலம், திருவானைக்கோவில் என்று ஸ்ரீரங்கம் போய்ச் சேரும்வரை பேசலாம். இறங்கி, அம்மா மண்டபப் படித்துறையில் ஆற்றைப் பார்த்துக் கொஞ்சம் உட்காரலாம். மறுபடி ஏறினால் திரும்பும் வழியெல்லாம் பேசலாம்.

தினமும் கிளம்புவதைப் பார்த்த மாமியார் ஒரு நாள் கேட்டேவிட்டார். "பள்ளிவாசல் தெருப் புள்ளைங்களுக்கு ஸ்ரீரங்கத்துல தினமும் என்னடி வேலை?"

"ஆத்தங்கரைல காத்து நல்லா இருக்கும் மாமி" என்றாள் மஜீதா.

"ஏன், இங்க காத்து வரலையா?"

அந்த பஸ்ஸின் கண்டக்டர் சவரிராயன் இவர்களைக் கண்டதும், "ரெண்டு போக, ரெண்டு வரவா?" என்று கேட்டுச் சிரிப்பார். பின்னால் இரட்டை சீட்டைக் காலி செய்து கொடுப்பார். ஒவ்வொரு லீவிலும் இந்தப் பயணம் நடந்தது. ஷாஜியா வளர்ந்து, தனி வீடு கட்டி, அறைகள் வந்த பிறகுதான் நின்றுபோனது.

ஓட்டலிலிருந்து நடந்து சத்திரத்துக்கு வந்து ஏறினார்கள். நல்லவேளையாக இரட்டை சீட் கிடைத்தது. கண்டக்டர் இளம் வயதுக்காரர். மஜீதாவுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நஸ்ருல்லாவிடம் கை நீட்டினார்.

"பார்த்தீங்களா? ஊர்க்காரிக்கு ஃப்ரீ. வெளியூர்க்காரருக்குத்தான் டிக்கெட்" என்று மஜீதா கிண்டல் செய்தாள்.

வேறு நேரமாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மஜீதா, பாசில் கூப்பிட்டான். சலாலால புது ஓட்டல். ரெண்டு வருஷம் வரச் சொல்றான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

அவள் கையிலிருந்த டிக்கெட்டை நாலாக மடித்தாள். "போறீங்களா?"

"போலாம்னு நினைக்கிறேன்."

"பணத்துக்கா? நமக்கு என்ன குறைச்சல் இப்ப?"

"பணம் இல்ல." எப்படிச் சொல்வது என்று தேடினார். "நேத்து அந்தப் பொண்ணு பெட்டிய எடுக்க விடாம 'சார், நீங்க உக்காருங்க'ன்னுச்சு. இன்னிக்கு இருசம்மாவும் அதையேதான் சொல்லுச்சு. சரி, ஓட்டல்ல அப்படித்தான் சொல்லணும். நானே பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், வந்தவங்கள உக்கார வைக்கணும்னு. ஆனா வீட்லயும் நீ நாலு மாசமா அதே வார்த்தையத்தான் சொல்ற. ஓட்டல்ல ரெண்டு நாள் தங்கலாம் மஜீதா. எத்தனை நாள் தங்க முடியும்?"

பஸ் திருவானைக்கோவிலைத் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். கோபம் என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"உங்க முதல் லீவு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "தெருக்குழாய்ல தண்ணி பிடிப்பீங்க."

ஞாபகம் இருந்தது. விடியும் முன்னே தண்ணீர் வரும். பெண்கள் வரிசையில் இவர் ஒருத்தர் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு குடத்தோடு நிற்பார். பக்கத்து வீட்டு லூர்துராணி, "என்ன மஸ்கட்டு, அங்க பெட்ரோல் பிடிச்ச கை இங்க தண்ணி பிடிக்குது?" என்று வம்பிழுப்பாள். இரண்டு மாதமும் மஜீதாவைக் குழாயடிக்கே அவர் விடவில்லை.

"நீங்க பிளேன் ஏறின மறுநாள் நான் குடத்தைத் தூக்கிட்டுப் போனேன். லூர்துராணி, 'எங்கடி உன் தண்ணிக்காரரு?'ன்னு கேட்டா. அவ விளையாட்டாத்தான் கேட்டா, பாவம். எல்லாரும் சிரிச்சாங்க. நான் குடத்தை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அன்னிக்குப் பூரா அழுகை. ஆள் போனதுக்கு அழலைங்க, குடத்துக்கு அழுதேன். அப்பவே நினைச்சுக்கிட்டேன், இனி இவரை ஒரு வேலையும் செய்ய விடக்கூடாதுன்னு. நீங்க செய்யற வேலைன்னு வீட்ல ஒண்ணு இருந்தாத்தானே, நீங்க போனதும் அது காலியாக் கெடக்கும்? எதுவும் இல்லைன்னா, எல்லாம் எப்பவும் போல ஓடும். அதான் ஒவ்வொரு லீவுலயும் உக்காருங்க, உக்காருங்கன்னு சொன்னேன்."

அத்தனை வருஷமும் நஸ்ருல்லா அதை உபசாரம் என்று நினைத்திருந்தார். பிரிவைத் தாங்கிக்கொள்ள அவள் செய்த ஏற்பாடு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"இப்பதான் வந்துட்டேனே" என்றார்.

"வந்துட்டீங்கதான். பெட்டி கட்டிலுக்கு அடியிலயே இருக்கே. தினமும் காலைல அதை இழுக்கற சத்தம் கேட்டுத்தான் எனக்கு முழிப்பு வருது. எப்ப நம்பறது?"

ஸ்ரீரங்கத்தில் இறங்கினார்கள். ராஜகோபுரத்தின் நிழல் தெருவில் விழுந்து கிடந்தது. பூக்கடைகளைத் தாண்டி அம்மா மண்டபத்துக்கு நடந்தார்கள். படித்துறையில் கூட்டம், யாரோ திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பழைய இடத்தில், அரசமரத்துப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்கள். காற்று அப்படியே இருந்தது. மாமியார் இப்போது இல்லை. இருந்திருந்தால், 'வயசான காலத்துலயும் காத்து வாங்கப் போயிட்டீங்களா?' என்று கேட்டிருப்பார். இதை மஜீதா சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்:

"உங்களைத் தடுக்க மாட்டேன். தடுத்துப் பழக்கமில்லை எனக்கு. ஆனா நீங்க போறதா இருந்தா, அங்க உங்க வேலை இருக்குன்னு போங்க. இங்க உங்களுக்கு வேலை இல்லைன்னு போகாதீங்க. அது பொய்."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு போனை எடுத்தார். சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை.

"பாசில், என்னால வர முடியாதுப்பா."

"ஏன் அண்ணே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன். வீட்ல வேலை இருக்கு."

"வீட்ல அப்படி என்ன வேலண்ணே?"

நஸ்ருல்லா போனைக் கையால் பொத்திக்கொண்டு மஜீதாவைப் பார்த்தார். "என்ன வேலைன்னு கேக்கறான்."

"சொல்ல ஆரம்பிச்சா அவன் போன்ல சார்ஜ் நிக்காதுன்னு சொல்லுங்க" என்றாள் மஜீதா.

மிச்சமிருந்த அந்த ஒரு மாலையும் இரவும் நீர்மாடத்தில் மிக நன்றாகக் கழிந்தன. நஸ்ருல்லா கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு மலைக்கோட்டையைப் பார்த்தார். மஜீதா குளியலறையில் வெந்நீரைத் தானே சரியாகத் திருப்பிவிட்டு, வெளியே வந்து பெருமையடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவர் படுக்கையைத் தொடவில்லை. இருசம்மாள் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே விரிப்பை உதறினார்கள். துண்டில் அன்னம் செய்வதை அவர் காட்ட, இருசம்மாள் செய்தது வாத்து மாதிரி வந்தது. "பரவால்ல, இதுவும் தண்ணில மிதக்கறதுதானே" என்றார் நஸ்ருல்லா.

கிளம்பும்போது தேவதர்ஷினி கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே வட்டலப்ப டப்பா கனமாக இருந்தது. மஜீதா மூடியைத் திறந்தாள். தேங்காய் பர்பி.

"எங்கம்மா சொன்னாங்க ஆண்ட்டி, பாத்திரத்தை வெறுசாத் தரக்கூடாதுன்னு. நானே வீட்ல செஞ்சது."

மஜீதா அவள் கன்னத்தைத் தடவி விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நஸ்ருல்லா வழக்கம் போலக் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மஜீதா அவருடைய பெட்டியை இழுத்துப் போய், பீரோவைத் திறந்து, தன் புடவைகளை இரண்டு தட்டுகளில் நெருக்கி அடுக்கி, ஒரு தட்டைக் காலி செய்தாள். அவருடைய சட்டைகளை வைத்தாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டு, ஒரு துணிப்பையோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எழுந்திரிங்க."

"என்ன?"

"காந்தி மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாங்க. கத்திரிக்காய், சின்ன வெங்காயம், புதினா. கத்திரிக்காய் பிஞ்சாப் பார்த்து வாங்கணும்."

அவர் போனார். மார்க்கெட் முழுக்கச் சுற்றினார். சுமை தூக்குகிறவர்கள் "ஓரம், ஓரம்!" என்று விரட்டினார்கள். ஒரு கடைக்கார அம்மாள் அள்ளிப் போட்டதை அப்படியே வாங்கிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

மஜீதா பையைத் தரையில் கொட்டினாள். ஒரு கத்திரிக்காயை எடுத்து நறுக்கினாள். உள்ளே விதை விதையாக, ஒரு புழுவும் நெளிந்தது. இன்னொன்றை நறுக்கினாள். அதுவும் அப்படியே.

"ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு? பிஞ்சாத்தானே சொன்னேன்? இதையெல்லாம் காசு குடுத்தா வாங்கிட்டு வந்தீங்க? அந்தம்மா உங்க தலைல கட்டியிருக்கா, நீங்களும் ஈன்னு வாங்கிட்டு வந்திருக்கீங்க. புதினா எங்க? மறந்தாச்சா? ஒரு வேலை சொன்னா உருப்படியாச் செய்ய வேண்டாமா?"

முப்பது வருஷத்தில் அவள் அவரைத் திட்டியதே இல்லை. நஸ்ருல்லா நின்றுகொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு காலிப் பையை எடுத்து உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, புதினா வாங்கப் படியிறங்கினார்.